மசியாத செல்களுக்கு எத்தனை மருந்து?

மைட்டோக்சான்ட்ரோன் கருநீலம். இடாரூபிசின் ஆரஞ்சு கலந்த சிவப்பு. நிறத்தை விட்டுப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்யும் மருந்துகள். செல்லுக்குள் போய் டிஎன்ஏ இழைகளின் நடுவே செருகிக்கொள்ளும். இழைகளின் முறுக்கை அவிழ்த்துச் சேர்க்கும் டோபோஐசோமரேஸ் என்ற நொதியை மடக்கும். பிளவுபட முயலும் செல் செத்துப்போகும். எந்த மருத்துவரும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் பெரிய வித்தியாசம் வந்துவிடும் என்று நினைத்திருக்க மாட்டார்.

2003இல் பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் குழந்தைப் புற்றுநோய்ப் பிரிவுகள் சேர்ந்து ஓர் ஆய்வைத் தொடங்கின. ஆல்-ஆர்3 என்று பெயர். அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியாவுக்குச் சிகிச்சை பெற்று, நோய் முதல்முறையாகத் திரும்பி வந்த பிள்ளைகள் இதில் சேர்க்கப்பட்டார்கள். எல்லோருக்கும் டெக்ஸாமெத்தசோன், வின்கிரிஸ்டின், அஸ்பராஜினேஸ், முதுகுத்தண்டு நீரில் ஏற்றும் மெத்தோட்ரெக்ஸேட் என்று அதே மருந்துகள்தான். முதல் இரண்டு நாளில் மட்டும் ஒரு மாற்றம்: பாதிப் பேருக்குச் சிவப்பு, பாதிப் பேருக்கு நீலம். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டரின் குலுக்கல் முடிவு செய்தது.

2007 டிசம்பரில் குலுக்கலை நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேல் சிவப்பு மருந்தைக் கொடுப்பது நியாயமில்லை என்று ஆகிவிட்டது. மூன்றாண்டு முடிவில் நோய் தலைகாட்டாமல் இருந்தவர்கள் இடாரூபிசின் பிரிவில் 35.9 சதவீதம், மைட்டோக்சான்ட்ரோன் பிரிவில் 64.6 சதவீதம். 2010இல் லான்செட் இதழில் முடிவு வெளியானபோது துறையே புருவம் உயர்த்தியது. நோய் திரும்பிய லுகேமியாவில் இப்படி ஒரு பாய்ச்சல், அதுவும் புது மருந்து எதுவும் இல்லாமல், அதிகம் பார்த்திராத சங்கதி.

அதைவிட விநோதம் ஒன்று உண்டு. முதல் மாத முடிவில் மஜ்ஜையில் எத்தனை புற்றுசெல் மிச்சமிருக்கிறது என்று நுணுக்கமாக எண்ணிப் பார்த்தபோது இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. நீல மருந்து அதிகச் செல்களை உடனே கொன்றுவிடவில்லை. பின்னே எப்படி வென்றது? அந்த இடத்துக்கு வருவதற்கு முன், இத்தனை மருந்தைக் கூட்டுச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தாக வேண்டும்.

அக்யூட் லுகேமியா என்பது எலும்பு மஜ்ஜையில் உருவாகும் ரத்தச் செல்கள் முதிர்ச்சி அடையாமலேயே பெருகிக்கொண்டு போகும் நோய். முதிராத அந்தச் செல்களை ப்ளாஸ்ட் என்பார்கள். அவை மஜ்ஜையை அடைத்துக்கொள்வதால் சிவப்பணு குறைந்து சோகை வரும். தட்டணு குறைந்து ஈறில் ரத்தம் கசியும். தொற்றோடு போராடும் வெள்ளையணு குறைந்து காய்ச்சல் விடாது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் லிம்ஃபோபிளாஸ்டிக் வகையும், பெரியவர்களுக்குப் பெரும்பாலும் மைலாய்டு வகையும் வரும். நோய் தெரியவரும் நாளில் உடம்பில் இருக்கும் புற்றுசெல்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி. எடை போட்டால் ஒரு கிலோ தேறும்.

சிகிச்சைக்குப் பிறகு மஜ்ஜையில் ப்ளாஸ்ட் 5 சதவீதத்துக்குக் கீழே வந்து, கவுண்ட்ஸ் தேறிவிட்டால் ரிப்போர்ட்டில் ரெமிஷன் என்று எழுதுவார்கள். வீட்டில் அதைச் 'சரியாப்போச்சு' என்று எடுத்துக்கொள்வார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஒரு லட்சம் கோடியில் 99 சதவீதம் அழிந்தாலும் மிச்சம் ஆயிரம் கோடி. நுண்ணோக்கியில் பார்க்கும் கண்ணுக்கு அவை தட்டுப்படாது, அவ்வளவுதான்.

இந்த நோயை மருந்தால் ஓரடியாவது பின்வாங்க வைக்க முடியும் என்று முதலில் காட்டியவர் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் சிட்னி ஃபார்பர். அவர் கையில் இருந்த அமினோப்டெரின் என்ற மருந்தை உருவாக்கித் தந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி முழுப் பட்டம் கிடைக்காமல் போனவர். 1923இல் அமெரிக்கா போனவர். செல் பிளவுபடுவதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். அதே உருவத்தில் ஒரு போலியைச் செய்து அனுப்பினால், செல் அதை விழுங்கிவிட்டு முடங்கும். 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில் 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்த செய்தி இருந்தது. கட்டுரைத் தலைப்பிலேயே 'தற்காலிகம்' என்ற சொல்லும் இருந்தது. சில மாதங்களில் நோய் திரும்பியது. திரும்பிய நோய் அதே மருந்துக்கு அசையவில்லை. அந்த ஆகஸ்டிலேயே சுப்பாராவ் காலமானார்.

அடுத்த சில ஆண்டுகளில் ஸ்டீராய்டு வந்தது. ஜெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கிய 6-மெர்காப்டோபியூரின் 1953இல் புழக்கத்துக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே கதைதான். கொடுத்தால் தணியும், பிறகு திரும்பும், திரும்பியது மசியாது.

இந்த இடத்தில் காசநோய் கைகொடுத்தது. ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்தால் காசநோய்க் கிருமி சில மாதங்களில் அதற்குப் பழகிவிடும். கூடவே பாஸ் என்ற மருந்தையும் சேர்த்தால் பழகுவது வெகுவாகக் குறையும் என்பதை 1950 வாக்கில் பிரிட்டிஷ் ஆய்வுகள் காட்டிவிட்டன. கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் சானடோரியம்கூட வேண்டாம், வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று 1959இல் உலகுக்குச் சொன்னது சென்னையில் இயங்கிய காசநோய் ஆய்வு மையம். அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்கு 1955இல் வந்து சேர்ந்த எமில் ஃப்ரையும் எமில் ஃப்ரைரிக்கும் இந்தத் தர்க்கத்தை லுகேமியாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

தர்க்கம் எளிய பெருக்கல் கணக்குதான். உதாரணத்துக்கு, பத்து லட்சம் செல்களில் ஒன்று ஒரு மருந்துக்குத் தப்பிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் கோடிச் செல்களில் அப்படிப்பட்டவை பத்து லட்சம் இருக்கும். ஒற்றை மருந்து நிச்சயம் தோற்கும். முற்றிலும் வேறு வழியில் தாக்கும் இரண்டாவது மருந்தைச் சேர்த்தால் இரண்டுக்கும் தப்பிக்கக்கூடிய செல் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும். மூன்றாவதையும் சேர்த்தால் அதுவும் மிஞ்ச வாய்ப்பில்லை. நிபந்தனைகள் மூன்று: ஒவ்வொரு மருந்தும் தனியாகவே வேலை செய்ய வேண்டும், தாக்கும் வழி வேறாக இருக்க வேண்டும், பக்க விளைவு ஒரே உறுப்பின் மேல் விழக்கூடாது. அப்போதுதான் ஒவ்வொன்றையும் முழு அளவில் கொடுக்க முடியும்.

அலபாமாவில் எலிகளை வைத்து ஆராய்ந்த ஹோவர்ட் ஸ்கிப்பர் இன்னும் கடுமையான ஒரு கணக்கைச் சேர்த்தார். ஒரே ஒரு லுகேமியா செல்லை ஏற்றினாலும் எலி செத்தது. ஒரு டோஸ் மருந்து குறிப்பிட்ட எண்ணிக்கையைக் கொல்வதில்லை, குறிப்பிட்ட விகிதத்தைத்தான் கொல்கிறது என்பதையும் அவர் காட்டினார். ஆயிரம் கோடியாக இருந்தாலும் ஆயிரமாக இருந்தாலும் ஒரு சுற்றில் அதே 99 சதவீதம்தான். ஆகவே நோய் கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் சுற்றுச் சுற்றாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

1960களின் தொடக்கத்தில் ஃப்ரை, ஃப்ரைரிக் குழு நான்கு மருந்தை ஒரேயடியாகக் கொடுத்துப் பார்த்தது. வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்ஸேட், மெர்காப்டோபியூரின், பிரெட்னிசோன். வின்கிரிஸ்டின் நம் வீட்டு வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. நான்கையும் சேர்த்துக் கொடுத்தால் குழந்தை தாங்காது என்று பலரும் எதிர்த்தார்கள். பயம் நியாயமானதுதான், தட்டணு ஏற்றும் முறையை ஃப்ரைரிக் முன்னதாகவே செப்பனிட்டு வைத்திருக்காவிட்டால் அவர்கள் சொன்னதே நடந்திருக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு நோய் அடங்கியது. பிறகு சிலர் தலைவலியோடும் தடுமாற்றத்தோடும் திரும்பி வந்தார்கள். மருந்து எட்டாத மூளை உறையில் செல்கள் ஒளிந்திருந்தன. மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கெல் அந்த ஒளிவிடத்துக்கும் முன்கூட்டியே சிகிச்சை கொடுத்தார். அவருடைய குழு 1967இல் தொடங்கிய ஐந்தாம் ஆய்வில் சுமார் பாதிக் குழந்தைகள் நிரந்தரமாகப் பிழைத்தார்கள். இன்று வசதியுள்ள நாடுகளில் அந்தக் கணக்கு 90 சதவீதத்தைத் தொடுகிறது.

மிச்சம் பத்துப் பேரின் கதைதான் இந்தக் கட்டுரை. பெரியவர்களின் மைலாய்டு லுகேமியாவில் அவர்கள் பத்துப் பேர் அல்ல, பாதிக்கும் மேல்.

பெருக்கல் கணக்கு அழகானது. ஆனால் அது முதல்முறை சிகிச்சைக்கான கணக்கு. நோய் திரும்பியவுடன் அதன் அடிப்படையே ஆட்டம் காண்கிறது. முதல் சுற்றில் ஐந்தாறு மருந்தைப் பார்த்துவிட்டுப் பிழைத்து வந்த செல்கள் தற்செயலாகப் பொறுக்கிய செல்கள் அல்ல. தப்பித்தவற்றின் வாரிசுகள் மட்டுமே அங்கே இருக்கின்றன. வயலில் கோரையைப் பிடுங்கியவர்களுக்கு இது புரியும். மேலே இருந்த புல்லெல்லாம் போன பிறகு கிழங்கு வைத்திருந்ததுதான் முளைக்கும், அடுத்த வாரம் வயல் முழுக்க அதுவாகவே இருக்கும்.

2008இல் சார்லஸ் முல்லிகன் தலைமையிலான செயின்ட் ஜூட் குழு, 61 நோயாளிகளின் முதல் மாதிரியையும் நோய் திரும்பிய பிறகான மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மரபணுக்களை ஒப்பிட்டது. இரண்டும் ஒரே மாதிரி இருந்தவர்கள் மிகச் சிலர். ஏறத்தாழ பாதிப் பேரில், திரும்பி வந்தது முதலில் பெரும்பான்மையாக இருந்த செல்கூட்டமே அல்ல. அதற்கும் முந்தைய மூதாதைச் செல்லிலிருந்து தனிக் கிளையாகப் பிரிந்த கூட்டம். அந்தக் கிளையின் சில செல்களைப் பலரின் முதல் நாள் மாதிரியிலேயே தேடிக் கண்டுபிடிக்கவும் முடிந்தது. டாக்டர் முதல் ஊசி போடுவதற்கு முன்பே தப்பிக்கப்போவது யார் என்பது ஓரளவு தீர்மானமாகியிருந்தது.

மருந்தே உருவாக்கிவிடும் எதிர்ப்பும் உண்டு. மெர்காப்டோபியூரின் மாத்திரையைக் குழந்தைகள் இரண்டு ஆண்டுக்கு மேல் தினமும் சாப்பிடுகிறார்கள். 2013இல் நியூயார்க்கின் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் கண்டன. திரும்பி வந்த லுகேமியா செல்களில் என்டி5சி2 என்ற மரபணு மாறியிருந்தது. டி-செல் வகையில் நோய் திரும்பியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த மாற்றம். இந்த மரபணு தயாரிக்கும் நொதி, மெர்காப்டோபியூரினின் வீரியமான வடிவத்திலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். பல் பிடுங்கப்பட்ட மருந்து செல்லைவிட்டு வெளியே கசிந்துவிடும். மாற்றம் அடைந்த நொதி இதை வெறித்தனமாகச் செய்கிறது. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது: செல் தனக்குத் தேவையான பியூரின்களையும் சேர்த்து இழக்கிறது. மருந்து இல்லாத சூழலில் இந்தச் செல்கள் மற்றவற்றைவிட மெதுவாகவே வளர்கின்றன என்று 2018இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு சொன்னது. எதிர்ப்புச் சக்தி வந்த செல் எல்லா விதத்திலும் பலசாலி என்று நினைத்துக்கொள்வது தவறு. ஒரு பக்கம் கவசம் போட்டால் இன்னொரு பக்கம் எங்கோ திறந்து கிடக்கிறது. திரும்பிய நோய்க்கான மருந்துக் கூட்டுகளின் சூட்சுமம் அந்தத் திறப்பைத் தேடுவதில்தான் இருக்கிறது. இன்னும் நாலு விஷத்தைச் சேர்த்துக் கொட்டுவதில் அல்ல.

மைலாய்டு லுகேமியா திரும்பும்போது உலகெங்கும் கொடுக்கப்படும் ஃபிளாக்-இடா என்ற கூட்டை அருகில் போய்ப் பார்க்கலாம். இதன் முதுகெலும்பு சைட்டராபின். கரீபியன் கடல் பஞ்சு ஒன்றில் கிடைத்த விநோத நியூக்ளியோசைடுகளைப் பார்த்து வடிவமைத்த மருந்து. 1969 முதல் புழக்கத்தில் இருக்கிறது. முதல்முறை சிகிச்சையிலேயே நோயாளி இதை ஏழு நாள் சொட்டுச் சொட்டாக வாங்கியிருப்பார். தோற்றுப்போன மருந்தையே மறுபடியும் கொடுப்பதா என்று கேட்கத் தோன்றும். இரண்டு விஷயம் மாறுகிறது. ஒன்று அளவு: வழக்கமாக உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 100 அல்லது 200 மில்லிகிராம், இங்கே 2 கிராம். இரண்டாவது, நேரம்.

சைட்டராபின் செல்லுக்குள் போனவுடன் வேலை செய்யாது. டிஆக்ஸிசைட்டிடின் கைனேஸ் என்ற நொதி அதற்கு பாஸ்பேட் ஏற்றிய பிறகுதான் அது விஷமாகும். செல்லுக்குள் சாதாரண டிஎன்ஏ கட்டுமானப் பொருள்கள் நிறைய இருந்தால் அந்த நொதி சோம்பிப் போகும். ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் வர்ஷா காந்தியும் வில்லியம் பிளங்கெட்டும் இதை நோயாளிகளின் ரத்தச் செல்களிலேயே அளந்து பார்த்தார்கள். ஃபுளூடராபினை முதலில் கொடுத்தால், கட்டுமானப் பொருள்களைத் தயாரிக்கும் இன்னொரு நொதி முடங்குகிறது, இருப்பு குறைகிறது, சோம்பியிருந்த கைனேஸ் விழித்துக்கொள்கிறது. நான்கு மணி நேரம் கழித்துச் சைட்டராபின் இறங்கினால், செல்லுக்குள் சேரும் வீரிய வடிவம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இத்தனைக்கும் ஃபுளூடராபின் தனியாக மைலாய்டு லுகேமியாவை அடக்கும் மருந்தே அல்ல. 1980களில் அதை மட்டும் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தபோது சிலருக்குப் பார்வையே போனது. சிறிய அளவில், சரியான நேரத்தில், அடுத்த மருந்துக்கு வழி செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் இங்கே அதன் வேலை.

இன்னொரு பங்காளி ஜி-சிஎஸ்எஃப் ஊசி. வழக்கமாகக் கீமோ முடிந்த பிறகு வெள்ளையணுவை ஏற்றுவதற்குப் போடுவது. இங்கே கீமோவுக்கு முந்தைய நாளே தொடங்கிவிடுகிறார்கள். டிஎன்ஏவை நகலெடுத்துக்கொண்டிருக்கும் செல்லைத்தான் சைட்டராபின் கொல்லும். உறங்கிக் கிடக்கும் செல்லை அதனால் தொட முடியாது. புற்றுசெல்லை வேண்டுமென்றே எழுப்பிவிட்டு அடிப்பது நோக்கம். இது கேட்பதற்குச் சுவாரசியமாக இருக்கிறது. ஆனால் மனிதர்களில் இதன் தனிப் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. கடைசியாக மூன்று நாள் இடாரூபிசின்.

வார்டில் இந்த ஐந்தாறு நாள் எப்படிப் போகும்? காலையில் அரை மணி நேரம் ஃபுளூடராபின். நர்ஸ் நேரம் குறித்துக்கொள்வார். நான்கு மணி நேரம் கழித்துச் சைட்டராபின் பாட்டில் ஏறும். பெரிய அளவுச் சைட்டராபின் கண்ணீரோடும் கசிந்து கருவிழியை எரிக்கும் என்பதால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டு கண் சொட்டு. நடுராத்திரியானாலும் எழுப்பி விடுவார்கள். சிறுமூளையையும் இந்த மருந்து தாக்கக்கூடும், அதிலும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு. அதற்குப் பல மருத்துவமனைகளில் ஒரு சாதாரண சோதனை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாட்டிலுக்கும் முன்னால் நோயாளி ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். நேற்றைய கையெழுத்துக்குக் கீழே இன்றையது. எழுத்து கோணிக்கொண்டு போனால், பேச்சு குழறினால், மருந்து அங்கேயே நிற்கும். ஃபிளாக்-இடாவுக்குப் பதில் மைட்டோக்சான்ட்ரோன், எட்டோபோசைடு, சைட்டராபின் சேர்ந்த கூட்டைக் கொடுத்தால் சிறுநீர் நீலப்பச்சையாகப் போகும். முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் உறவினர்கள் பதறிவிடுவார்கள்.

மருந்து முடியும் நாளில் கஷ்டம் முடிவதில்லை, அன்றுதான் தொடங்குகிறது. அடுத்த மூன்று நான்கு வாரம் வெள்ளையணு இருக்காது. 38 டிகிரியைத் தாண்டும் ஒவ்வொரு காய்ச்சலும் அவசரம். பூஞ்சைத் தொற்று நுரையீரலில் இறங்கும். ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத குடல் பாக்டீரியாக்கள் இந்திய மருத்துவமனைகளில் பரவிக் கிடப்பதால், வெளிநாட்டு ஆய்வில் தாங்கிய கூட்டை இங்கே அப்படியே கொடுக்க மருத்துவர்கள் தயங்குவதில் அர்த்தம் இருக்கிறது. லுகேமியா அடங்கி, தொற்றில் உயிர் போவது இந்த வார்டுகளின் தீராத வலி. பிரிட்டனில் இளவயது நோயாளிகளுக்கு முதல் சிகிச்சையாகவே ஃபிளாக்-இடாவைக் கொடுத்துப் பார்த்த ஏஎம்எல்15 ஆய்விலும் இந்த முரண் தெரிந்தது: நோய் திரும்புவது குறைந்தது, ஆனால் மொத்தத்தில் உயிரோடு இருந்தவர்களின் விகிதம் பெரிதாக உயரவில்லை. மஜ்ஜைக்கு அது கொடுத்த அடி, லாபத்தைத் தின்றுவிட்டது.

இப்போது நீலம், சிவப்பு புதிருக்கு வரலாம். முதல் மாதத்தில் இரண்டும் சமமாகக் கொன்றன. ஆனாலும் பிற்பாடு நோய் திரும்பியது சிவப்பு வாங்கியவர்களுக்குத்தான் அதிகம். எஞ்சியவை எத்தனை என்பது ஒன்றாகவே இருக்கலாம். எஞ்சியவை எவை என்பது வேறாக இருந்திருக்கலாம். மஜ்ஜையின் திசுச் சூழலில் பதுங்கியிருக்கும் மெதுவான செல்களை மைட்டோக்சான்ட்ரோன் வேறு விதமாகப் பாதித்திருக்கும் என்பது ஒரு விளக்கம். முடிந்த முடிவு அல்ல. ஒரு கூட்டு ஏன் வெல்கிறது என்பதே நினைத்ததைவிடச் சிக்கலான கேள்வி. 2017இல் ஹார்வர்டின் ஆடம் பால்மரும் பீட்டர் சோர்கரும் பல புற்றுநோய்க் கூட்டு மருந்து ஆய்வுகளை மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பல கூட்டுகளில் மருந்துகள் ஒன்றையொன்று பலப்படுத்தியதற்கான தடயமே இல்லை. ஒருவருக்கு முதல் மருந்து பலிக்கிறது, இன்னொருவருக்கு இரண்டாவது பலிக்கிறது. யாருக்கு எது என்று தெரியாததால் இரண்டையும் எல்லோருக்கும் கொடுக்கிறோம். கூட்டு என்பது பல சமயம் நம் அறியாமைக்கான காப்பீடு. ஃபுளூடராபின்–சைட்டராபின் போல உண்மையிலேயே ஒன்று மற்றொன்றுக்கு உதவுவது அபூர்வம்.

திரும்பிய நோய் எப்போது திரும்பியது என்பதும் எந்த மருந்து என்பதற்குச் சமமாக முக்கியம். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே வந்துவிட்டால் நிலைமை மோசம். முடித்துப் பல ஆண்டு கழித்து வந்தால் பழைய மருந்துகளே திரும்பவும் பலிக்கும் வாய்ப்பு அதிகம். அப்படியே அடக்கினாலும், பெரியவர்களின் மைலாய்டு லுகேமியாவில் கீமோ மட்டும் நோயைத் தீர்த்துக் கட்டுவது குறைவு. அடங்கிய சில வாரங்களுக்குள் வேறொருவரின் ஸ்டெம் செல்லை மாற்றி வைக்க வேண்டும். மிச்சத்தைத் தானம் வந்த வெள்ளையணுக்கள் வேட்டையாடும். ஆக, இந்தக் கூட்டுகளின் வேலை குணமாக்குவதைவிட ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அண்மையில் ஜெர்மனியில் நடந்த அசாப் ஆய்வு அதையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கியது. ஒரு பிரிவினருக்கு முதலில் கடும் கீமோ கொடுத்து நோயை அடக்கிய பிறகு மாற்று சிகிச்சை. மறு பிரிவினருக்கு, தானம் கொடுப்பவர் தயாராக இருந்தால், அடக்கும் கீமோவைத் தவிர்த்து நேராக மாற்று சிகிச்சைக்கான தயாரிப்பு. முடிவுகள் பெரிதாக வேறுபடவில்லை. ஒரு மாதக் கீமோவும் அதன் தொற்றுகளும் சிலருக்கு வீணோ என்ற கேள்வி இப்போது மருத்துவ மாநாடுகளில் சூடாக ஓடுகிறது.

கடந்த பத்தாண்டுகளின் பெரிய ஆய்வுகளைப் பார்த்தால் கூட்டுக் கீமோ பெரும்பாலும் தோற்கும் அணியாகவே நிற்கிறது. பி-செல் லுகேமியா திரும்பிய பெரியவர்களில் ப்ளினாட்டுமோமாப் என்ற எதிர்ப்புரதம் வாங்கியவர்களின் இடைநிலை (மீடியன்) ஆயுள் 7.7 மாதம், கீமோ வாங்கியவர்களுக்கு 4 மாதம். எஃப்எல்டி3 மரபணு மாறிய மைலாய்டு லுகேமியாவில் கில்ட்டெரிட்டினிப் மாத்திரைக்கு 9.3 மாதம், கீமோவுக்கு 5.6. இந்த எண்களைச் செய்தித்தாள் 'புரட்சி' என்று எழுதும். ஒன்பது மாதத்தைப் புரட்சி என்று சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும். ஆனால் மாத்திரை, வீட்டிலிருந்தே சாப்பிடலாம் என்பது சின்ன விஷயமல்ல.

கீமோவே வேண்டாம் என்று ஆன ஒரு வகையும் உண்டு. அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா. சீனாவின் ஹார்பின் நகரத்தில் நாட்டு மருந்திலிருந்து வந்த ஆர்செனிக் டிரைஆக்சைடு, நோய் திரும்பியவர்களுக்கான கடைசி மருந்தாகத்தான் 2000இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் அதை முதல் சிகிச்சையாக, தனி மருந்தாகவே கொடுத்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். 72 நோயாளிகளில் 86 சதவீதம் பேருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது. விலை உயர்ந்த சிகிச்சைக்கு வழியில்லாதவர்களை மனதில் வைத்துச் செய்த வேலை அது. பின்னால் இத்தாலிய, ஜெர்மானியக் குழுக்கள் ஆர்செனிக்கோடு வைட்டமின் ஏ அமிலத்தைச் சேர்த்து, கீமோவை அறவே விட்டு, அதைவிட நல்ல முடிவு கண்டன. விஷம் மாறியது, கூட்டு மாறவில்லை.

கடைசி ஆயுதமாகப் பேசப்படுவது கார்-டி செல். நோயாளியின் சொந்த டி-செல்லை எடுத்து, லுகேமியா செல்லின் மேலிருக்கும் சிடி19 என்ற புரதத்தை அடையாளம் காணும்படி மரபணுவை மாற்றித் திரும்ப ஏற்றுவது. மும்பை ஐஐடியும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19க்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. இதை ஏற்றுவதற்கு முன்னாலும் சில நாள் ஃபுளூடராபினும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் உண்டு. லுகேமியாவைக் கொல்வதற்கு அல்ல. புது செல்கள் பெருக இடம் கொடுக்கும்படி நோயாளியின் பழைய வெள்ளையணுக்களை ஒதுக்குவதற்கு. பலருக்கு நோய் மறைகிறது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு மறுபடி வருகிறது. அப்படி வரும் செல்களைச் சோதித்தால், பலவற்றின் மேல் சிடி19 இல்லை. ஒற்றைக் குறியிடம் வைத்துத் தாக்கினால் அந்த இடத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு வரும் செல் எங்கோ ஒன்று இருந்திருக்கிறது. 1948இன் குழந்தைகளிடம் ஃபார்பர் பார்த்த அதே கணக்கு. எனவே சிடி19, சிடி22 இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்கும் கார்-டி செல்கள் இப்போது பல நாடுகளில் நோயாளிகளிடம் சோதிக்கப்படுகின்றன.